ஒற்றைக் காலில் பத்து

பிப்ரவரி 2, ஞாயிறு

கூடத்துச் சுவரில் இருக்கும் படங்களை எல்லாம் இறக்கித் துடைத்தேன். இடது பக்கத்திலிருந்து முதல் படம் பெரியவள், என் மகள் பெற்ற மூத்தது. கறுப்பு அங்கி, தலையில் சதுரத் தொப்பி. முடங்கின கைகால்களை நடக்க வைக்கிற பிசியோதெரபி படிப்பு. வகுப்பில் இரண்டாவது. முதலில் வந்த பெண்ணுக்கும் இவளுக்கும் நாலே மார்க்குதான். அடுத்தது அவள் தம்பி, கழுத்தில் நீச்சல் மெடல், காதில் இன்னும் தண்ணீர். மூன்றும் நாலும் என் மகனுடைய இரட்டைகள். ஒருத்தி பேச்சுப் போட்டிக் கோப்பையோடு. அவள் பேச ஆரம்பித்தால் மைக் வைத்தவனே கையெடுத்துக் கும்பிடுவான். இன்னொருத்தி ஓடாத மின்விசிறியைப் பிரித்து ஏதோ செய்து பரிசு வாங்கினாள். என்ன செய்தாள் என்று எனக்கு விளங்கவில்லை, ஆனால் பேப்பரில் வந்தது. ஐந்தாவது பெரியவளின் கல்யாணப் படம். கல்யாணமெல்லாம் ஒரு சாதனையா என்று இவர் கேட்டார். மாப்பிள்ளையை அவளே தேடிப் பிடித்தாளே, அது சாதனைதான் என்றேன்.

ஐந்தாம் வகுப்போடு பையைத் தூக்கிப் போட்டவள் வீட்டுச் சுவர் இது. என் கண்ணே பட்டுவிடும்.

ஆறாவது இடம் காலி. மே மாதம் பெரியவளுக்குப் பிள்ளை பிறக்கும். அந்த இடம் அதற்கு.

பிப்ரவரி 5

பெரியவளிடம் போனில் பேசினேன். அவளுடைய அம்மாவுக்கு, அதாவது என் மகளுக்கு, ஆபீசில் ஒரு மாதம்தான் லீவு தருவார்களாம். அதற்கப்புறம் இரண்டு மாதம் நான் வருகிறேன் என்றேன். விமானத்தில் போகிற தூரம். சொல்லிவிட்டேனே தவிர எனக்கும் படபடப்புதான்.

பிறகு சொன்னாள்: "பாட்டி, நீ வந்தா எனக்குச் சந்தோஷம்தான். ஆனா உனக்கு எழுபத்தொண்ணு. குழந்தையைத் தூக்கிக்கிட்டு நீ விழுந்தா நான் யாரை முதல்ல தூக்கறது?"

எனக்குக் கோபம் வந்தது. அதற்குள் அவளே ஒரு வழி சொன்னாள். மூன்று சோதனை. வீட்டிலேயே செய்யலாம், ஆஸ்பத்திரி வேண்டாம்.

ஒன்று, எதையும் பிடிக்காமல் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். பத்து நொடியாவது.

இரண்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும். முப்பது நொடிக்குள் எத்தனை தடவை என்று கணக்கு. பதினொன்று பன்னிரண்டு வந்தால் என் வயசுக்கு நல்லது.

மூன்று, தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும். பத்து மார்க். கை ஊன்றினால் ஒன்று குறையும், முட்டி ஊன்றினால் ஒன்று குறையும்.

வாரம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை, எழுதி வைத்து அவளிடம் சொல்ல வேண்டும். ஏப்ரல் கடைசி வரை பார்த்துவிட்டு டிக்கெட் போடுவாள். தேறாவிட்டால் அவள் மாமியார் வருவார்.

மாமியார்! அறுபத்திரண்டு வயசு. காலில் ஷூ போட்டுக்கொண்டு நடக்கிறவர். என் பேத்தி பெற்றதை அந்த அம்மா குளிப்பாட்டுவதா?

பிப்ரவரி 6

பெரியவள் சொன்ன ஒரு விஷயம் மனசை அரிக்கிறது. பத்து நொடி நிற்க முடியாதவர்கள் சீக்கிரம் போய்விடுவார்களா என்று கேட்டேன். இன்னாருக்கு இப்படி ஆகும் என்று சொல்லவே முடியாது என்றாள். ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்த்தால், நிற்க முடியாதவர்களுக்குக் கொஞ்சம் ஆபத்து அதிகம், அவ்வளவுதான். "அது டார்ச் லைட்டு பாட்டி. எங்கே பார்க்கணும்னு காட்டும். என்ன வியாதின்னு சொல்லாது."

டார்ச் லைட்டை முகத்தில் அடித்தால் யாருக்குத்தான் பயம் வராது.

பிப்ரவரி 9, ஞாயிறு

முதல் சோதனை. நொடி எண்ணுகிற வேலை இவருக்கு. எங்கள் கடிகாரத்தில் நொடி முள் கிடையாது. போனில் பார்க்கலாமாம், ஆனால் நான் தொட்டால் அது எங்கெங்கோ போகிறது. போனில் எதற்கு என்று இவருக்கும் ரோஷம். முப்பத்தெட்டு வருஷம் குடோன் வாசலில் நின்று மூட்டை எண்ணின மனுஷன். இவர் எண்ணினால் லாரிக்காரன் மறு எண்ணிக்கை கேட்க மாட்டான். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் குடோனிலிருந்து வருஷா வருஷம் இவருக்கு டைரி வருகிறது. நான் எழுதுவதும் அதில்தான்.

முதல் மூட்டைக்கு இவர் ஒண்ணு என்று சொல்ல மாட்டார், லாபம் என்பார். அப்புறம்தான் ரெண்டு, மூணு. என் காலையும் அப்படியே எண்ணினார். படங்களுக்கு எதிரே நின்று, பெரியவள் தொப்பியைக் குறி வைத்துப் பார்த்துக்கொண்டு வலது காலைத் தூக்கினேன். "லாபம், ரெண்டு, மூணு..."

பதினொன்று!

நாற்காலி: பதினொன்று. தரை: ஏழு மார்க். ஒரு கையும் ஒரு முட்டியும் போயிற்று, கொஞ்சம் ஆடினதுக்கு ஒன்று நானே குறைத்தேன்.

ஒற்றைக் காலில் நிற்பது உனக்குப் புதுசா என்று இவர் கேட்டார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீ வேற எப்படி நின்னே?"

பிப்ரவரி 16

கால் பன்னிரண்டு. நாற்காலி பதினொன்று. தரை ஏழு.

கீழே தையல்கடைக்கு, பொத்தான் ஓட்டைக்குக் காஜா போட்டு முடித்த சட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று மாடி, லிப்ட் இல்லை. தையல்காரரிடம் பன்னிரண்டு என்று சொன்னேன். எதில் பன்னிரண்டு என்று அவர் கேட்டார். சொல்ல வெட்கமாகிவிட்டது. சட்டையில் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 23

கால் பத்து. நாற்காலி பதிமூன்று.

பத்து சரிதான். பாஸ்தான். ஆனால் போன வாரம் பன்னிரண்டு.

மார்ச் 2

கால் ஒன்பது. நாற்காலி பதினான்கு. தரை எட்டு.

ஒரு நொடி தானே, நாளைக்குச் சரியாகும். நேற்று சரியாகத் தூங்கவில்லை. அதுதான்.

இவரைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. சாப்பிட்டால் தூக்கம். எழுந்தால் நாற்காலி. ஊரே விசிறிக்கொண்டு திரிகிறது, இவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் குளிருதே என்கிறார். என்னோடு இரண்டு மாடி ஏறி இறங்குங்கள் என்றால் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சோம்பல் மூட்டை! மூட்டை எண்ணி எண்ணி மூட்டையாகவே ஆகிவிட்டார்.

மார்ச் 5

மாடிப்படி மூன்று தடவை. வேலை ஒன்றும் இல்லாமலே ஏறி இறங்கினேன். முட்டி வலிக்கிறது, ஆனால் மூச்சு வாங்கவில்லை. பிறகு எதனால் குறைகிறது?

மார்ச் 9

கால் எட்டு.

நாற்காலி பதினைந்து. முப்பது எண்ணி முடிப்பதற்குள் தொடை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. இருந்தாலும் பதினைந்து.

பெரியவளிடம் நாற்காலியைப் பற்றி வாய் ஓயாமல் சொன்னேன். "கால்?" என்று கேட்டாள். பத்து என்று சொன்னேன்.

பொய். பேத்தியிடம் பொய். குழந்தைக்காகத்தான் சொன்னேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன், எழுத முடியவில்லை. எனக்காகத்தான் சொன்னேன்.

மார்ச் 12

பெரியவளின் மாமியார் போன் செய்தார். நலம் விசாரிக்கவாம். அவர் பேச்சில் எப்போதும் சர்க்கரை தூக்கல். "உங்களுக்கு எதுக்குங்க இந்த வயசுல இவ்வளவு சிரமம்? நான்தான் இருக்கேனே. நான் இப்பவும் தினம் நாலு கிலோமீட்டர் நடக்கிறேன்."

நடங்கள் அம்மா, நன்றாக நடங்கள் என்றேன். போனை வைத்ததும் சமையலறையில் நின்று காலைத் தூக்கினேன். நானே எண்ணினேன். என் எண்ணிக்கையில் பதினான்கு வந்தது. ஆனால் அவசரத்தில் வேகமாக எண்ணியிருப்பேன். எனக்கு நான் எண்ணினால் அது கணக்கா? பரீட்சைத் தாளை நானே திருத்துகிற மாதிரி.

மார்ச் 16

கால் ஏழு. நாற்காலி பதினேழு.

பெரியவள் இந்தத் தடவை விடவில்லை. நாற்காலி பதினேழு என்றதும், "பாட்டி, பதினேழா? என்கிட்ட வர்ற அம்பது வயசுக்காரங்களே திணறுறாங்க" என்றாள். பிறகு காலைக் கேட்டாள். ஒன்பது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏதோ இடிக்குது. காலுக்குப் பலம் கூடினா ரெண்டும் கூடணும். ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்குதே" என்றாள்.

நான் ஏமாற்றுகிறேன் என்று நினைக்கிறாள். ஏமாற்றினேன்தான், ஆனால் நாற்காலியில் இல்லை. சத்தியமாக எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். அதைச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டும்.

மார்ச் 18

இருப்புக் கொள்ளவில்லை. காஜா போட உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுகிறேன். ஒரு சட்டையில் ஆறு ஓட்டைக்கு ஏழு போட்டுவிட்டேன். நாற்பது வருஷத்தில் இப்படிச் செய்ததில்லை.

போகப்போகிறேனோ?

மார்ச் 20

இவரிடம் சொன்னேன். எனக்கு ஏதாவது ஆனால் படங்களை மகன் வீட்டுக்குக் கொடுங்கள், இரட்டைகள் படத்தைச் சேர்த்தே மாட்டச் சொல்லுங்கள், ஒருத்தி மேலே ஒருத்தி கீழே கூடாது.

இவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதில் வர அரை நாள் ஆகும் போலிருந்தது. கடைசியில், "உனக்கு என்ன ஆச்சு?" என்றார். குரல் கரகரவென்று, வாயில் எதையோ ஒதுக்கி வைத்துப் பேசுகிற மாதிரி. சளி பிடித்தால் மருந்து குடிக்கவும் மாட்டார்.

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு துணி மடிக்கப் போனேன்.

மார்ச் 23, ஞாயிறு

கால் ஆறு. நாற்காலி பத்தொன்பது.

ஆறு.

பெரியவள் போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளை எடுத்துச் சொன்னார், அவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது, படுத்திருக்கிறாள் என்று. நல்ல வேளை. கடவுளே, அவள் படுத்திருப்பதற்கு நல்ல வேளை என்று எழுதுகிறேனே.

மார்ச் 24

இன்று மறுபடி செய்து பார்த்தேன். ஞாயிறு இல்லாவிட்டால் என்ன. நாற்காலிச் சோதனை. எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இவர் இருபத்தொன்று சொன்னார். இருபத்திரண்டு வரவில்லை. திரும்பிப் பார்த்தால் தலை தொங்கிக் கிடக்கிறது. தூங்கிவிட்டார்!

கத்திவிட்டேன். "ஒருத்தி உசிரைப் புடிச்சுக்கிட்டு ஏறி இறங்கறேன், உங்களுக்கு முப்பது எண்ண வலிக்குதா? குடோன்ல கூலிக்காரனுக்கு நாள் பூரா எண்ணினீங்க, பொண்டாட்டிக்கு முப்பது எண்ண முடியாதா?"

சண்டை போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. "எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்," என்றார். அவ்வளவு மெதுவாக.

சாப்பிடும்போதுதான் ஞாபகம் வந்தது. இன்று அவர் லாபம் என்று ஆரம்பிக்கவில்லை. ஒண்ணு என்று ஆரம்பித்தார். நேற்றுமா? நேற்று என் கவனமெல்லாம் காலில் இருந்தது.

மார்ச் 27

தையல்கடைக்குப் போனேன், ஏழு ஓட்டைச் சட்டையை ஒப்புக்கொள்ள. தையல்காரர் சிரித்துக்கொண்டே ஒட்டுத்துணி தேடினார். உங்களுக்கு என்னம்மா கவலை என்று கேட்டார். சொல்லக்கூடாது என்றுதான் போனேன். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கால், நாற்காலி, பெரியவள், ஏப்ரல்.

அவர் ஊசியைக் காலரில் குத்திவிட்டு, தைக்கும் மெஷினுக்கு மேலே இருந்த கடிகாரத்தைக் காட்டினார். பெரிய கடிகாரம், நொடிக்குச் சிவப்பு முள். வெட்டுமேசைப் பக்கத்தில் நில்லுங்கள், நான் பார்க்கிறேன் என்றார். வாடிக்கையாளர் ஒருவர் அளவு கொடுக்க வந்து நின்றார். அவர் முன்னாலா? சரி, போகிற உயிருக்கு என்ன வெட்கம் என்று தூக்கினேன். அந்த ஆளும் கடிகாரத்தைப் பார்த்தார்.

பதிமூன்று நொடி.

பொய் சொல்லாதீர்கள் என்றேன். தையல்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. வந்தவர்தான் சொன்னார்: "பதிமூணுதாம்மா. நானும் பார்த்தேன். பதினாலுக்கும் கொஞ்சம்தான் பாக்கி."

மறுபடி நின்றேன். பன்னிரண்டு. இடது காலில் பத்து.

மூன்று மாடியையும் ஓடி ஏறினேன் என்று எழுதலாம். ஓடத்தான் ஆரம்பித்தேன். இரண்டாவது மாடியில் நின்றுவிட்டேன். எனக்கு ஒன்றும் இல்லை என்றால் — ஆறு எங்கிருந்து வந்தது?

காலில் நொடி குறைகிறது. நாற்காலியில் எண்ணிக்கை கூடுகிறது. இரண்டுக்கும் நொடி எண்ணுவது ஒரே வாய்.

மார்ச் 28

தையல்காரரிடம் கடிகாரத்தை இரவல் வாங்கி வந்தேன். பழுது பார்க்கிற கடையில் கொடுக்கச் சொல்லித் தந்திருக்கிறார் என்று இவரிடம் ஒரு பொய். இவருக்குப் பின்னால் அலமாரியின் மேல் வைத்தேன். ஒற்றைக் காலில் நிற்கிற மாதிரி பாவனை செய்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார்.

நான் சிவப்பு முள்ளைப் பார்த்தேன்.

அவர் பத்து சொன்னபோது முள் இருபதைத் தாண்டியிருந்தது.

எத்தனையில் காலை இறக்கினாய் என்று கேட்டார். பத்து என்றேன். "பார்த்தியா, தேறிட்டே," என்று சிரித்தார். முகம் ஊதியிருக்கிறது. கண்ணுக்குக் கீழே பை மாதிரி. இது எப்போது வந்தது? தினம் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற முகம்.

ஏழு வாரமாக நான் சுவரில் இருக்கும் முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மார்ச் 29

மகனிடம் போனில் சொன்னேன். வயசானால் அப்படித்தான் அம்மா, அப்பாவுக்கு ஞாபகம் தளர்ந்திருக்கும், பக்குவமாகப் பார்த்துக்கொள் என்றான். பக்குவமாம். எழுபத்தாறில் எல்லோருமா இரட்டை நேரம் எடுத்துப் பத்து எண்ணுகிறார்கள்? பிப்ரவரியில் சரியாக எண்ணினாரே.

திங்கட்கிழமை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். எனக்குக் காட்டத்தான் என்று சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் வர மாட்டார்.

மார்ச் 31

டாக்டர் சின்ன வயசு அம்மா. இவர் கையைத் தொட்டுப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டினார். எத்தனை நாளாகக் குரல் இப்படி இருக்கிறது என்று கேட்டார். சளி என்று நினைத்தேன் என்றேன். குளிர் எத்தனை நாளாக? வயசு என்று நினைத்தேன். தூக்கம்? பைக்குள் எதையோ தேடினேன்.

எப்போது ஆரம்பித்தது என்று தெரிந்தால் நல்லது என்றார். அப்போதுதான் பையிலிருந்து இந்த டைரியை எடுத்தேன். எண்களை மட்டும் காட்டலாம் என்று நினைத்தேன். அவர் கையில் வாங்கிக்கொண்டுவிட்டார். விரலை வைத்து ஒவ்வொரு ஞாயிறாகக் கீழே வந்தார். பிறகு இவர் பக்கம் திரும்பி எண்ணச் சொன்னார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி டைரியைப் பார்த்தார்.

"இது நீங்க நின்ன கணக்கு இல்லம்மா. இவர் எண்ணின கணக்கு."

பிறகு ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டார். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். சோம்பல் மூட்டை எழுதின பக்கம். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. அவர் டைரியை மூடிக் கொடுத்தார்.

ரத்தம் எடுத்தார்கள். திரும்பி வரும்போது பேருந்தில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் ஐஸ் மாதிரி. உன்னைக் காட்டத்தானே வந்தோம், என் ரத்தத்தை ஏன் எடுத்தார்கள் என்று கேட்டார். அப்போதும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 1

முடிவு வரவில்லை. ஒரு பொத்தான் ஓட்டைகூடப் போடவில்லை.

ஏப்ரல் 3

வந்துவிட்டது. தைராய்டு. கழுத்தில் இருக்கிற சுரப்பி வேலையைக் குறைத்துக்கொண்டுவிட்டதாம். அதனால் உடம்பு முழுக்க மெதுவாகிவிடும், குரல், நடை, நினைப்பு, எல்லாம். மாத்திரை இருக்கிறது. தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. சின்ன அளவில் ஆரம்பித்து, ஆறு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்துக் கூட்டுவார்கள். விட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். நீங்கள்தான் விடவில்லையே என்றார் டாக்டர்.

விடப் பார்த்தேனே என்று நான் சொல்லவில்லை.

இவருக்குச் சொன்னபோது, "அப்போ நான் சோம்பேறி இல்லையா?" என்று கேட்டார்.

இல்லைங்க. இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பெரியவளிடம் எல்லாம் சொன்னேன். பத்து என்று சொன்ன பொய்யை முதலில் சொன்னேன். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. தான் அப்போதே யோசித்திருக்க வேண்டும், ரெண்டும் எதிரெதிராகப் போனால் எண்ணுகிற இடத்தில்தான் கோளாறு, படித்து என்ன பிரயோசனம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். வகுப்பில் இரண்டாவதுடி நீ, உன்னைத் திட்டாதே என்றேன்.

பிறகு அவள் சொன்னாள்: "நீ பாஸ் பாட்டி. நிஜமாவே பாஸ். ஏப்ரல் முடியட்டும்னுகூட இல்ல, இப்பவே டிக்கெட் போடவா?"

இதற்காகத்தான் இரண்டு மாதம் ஒற்றைக் காலில் நின்றேன்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 7

இவர் காதில் விழுந்திருக்கிறது. "நீ போயிட்டு வா," என்றார். "மாத்திரை முழுங்க எனக்குத் தெரியாதா? மகன் வந்து பார்த்துக்குவான்." சொல்லி முடிப்பதற்குள் நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிடலாம்.

இன்று காலை மாத்திரை போட்டீர்களா என்று கேட்டேன். போட்டேன் என்றார். அட்டையில் அது அப்படியே இருந்தது. பொய் இல்லை. போட்டதாகவே நினைத்திருக்கிறார்.

போக வேண்டும் என்று எவ்வளவு ஆசை. பிறந்த குழந்தையின் தலையைக் கைக்குள் வைத்தால் எப்படி இருக்கும் என்று இந்தக் கைக்குத் தெரியும். நான்கு பேரக்குழந்தைகளைக் குளிப்பாட்டின கை. ஐந்தாவதாகக் கொள்ளுப்பேரனோ பேத்தியோ யாருக்கு வாய்க்கும்? கூடத்துக்கும் சமையலறைக்கும் எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியவில்லை. இவர் பார்த்துக்கொண்டே இருந்தார், ஆனால் எண்ணவில்லை.

பக்கத்திலேயே இருந்து, ஏழு வாரம் இவர் குரல் போவதைக் கேட்காதவள் நான். விமானம் ஏறிப்போய் அங்கிருந்து எப்படிக் கேட்பேன்?

ஏப்ரல் 8

வரவில்லை என்று பெரியவளிடம் சொன்னேன். அவள் மாமியாருக்கு நானே போன் போட்டேன். நீங்கள் நடந்த நாலு கிலோமீட்டர் வீண் போகவில்லை அம்மா, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த அம்மா, குழந்தைக்கு எண்ணெய் எவ்வளவு சூட்டில் வைப்பீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். எழுதிக்கொள்கிறேன் என்றார். சர்க்கரை இல்லாமல் பேசினார்.

ஏப்ரல் 27

பத்து எண்ணப் பதினேழு நொடி. மாத்திரை நான் கையில் கொடுத்து, முழுங்கும் வரை பார்க்கிறேன்.

மே 14

பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு. பெரியவளும் நலம். போனில் படம் அனுப்பினார்கள். துணிச்சுருளுக்கு நடுவில் மூக்கு மட்டும் தெரிகிறது. மூக்கு எங்கள் பக்கம்.

மே 20

ரத்தம் பார்த்தார்கள். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். இவர் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்தார். நான் சொல்லாமலே.

ஜூன் 8

இன்று சண்டை போட்டார். உப்பு கம்மி என்று. வாய் ஓயவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, இன்னும் கொஞ்சம் கம்மியாகப் போடலாமா என்று யோசித்தேன்.

ஜூன் 15

பத்து எண்ணப் பன்னிரண்டு நொடி. தையல்காரர் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் இப்போது ஒற்றைக் காலில் நின்று காட்டுகிறார்களாம். கைகால் அளவு எடுக்க முடியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் இவர் சுத்தியலை எடுத்து ஆறாவது இடத்தில் ஆணி அடித்தார். வளைந்துவிட்டது. பிடுங்கி மறுபடி அடித்தார். அது நேராக நின்றது.

பிறகு, "நில்லு, பார்ப்போம்," என்றார். நான் ஆணியைப் பார்த்துக்கொண்டு காலைத் தூக்கினேன்.

"லாபம். ரெண்டு. மூணு."

எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டே கடிகாரத்தையும் பார்த்தேன். சிவப்பு முள்ளும் அவர் வாயும் சேர்ந்தே போயின. பதினான்கில் காலை இறக்கினேன். இறக்கத் தேவையில்லை, இன்னும் நின்றிருக்கலாம். அவர் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

அப்புறம் அவர் நின்றார், நான் எண்ணினேன். நாலு. அடுத்த வாரம் ஐந்து வரும் என்கிறார்.

பெரியவளே, இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து உனக்குத் தபாலில் போடுகிறேன். மற்ற பக்கங்களை நீ படிக்க வேண்டாம், தாத்தாவைத் திட்டியிருக்கிறேன். டாக்டர் சம்மதித்தால் இரண்டு பேரும் சேர்ந்தே வருகிறோம். அதுவரை ஒன்று செய். குழந்தைக்குத் தலை நிற்க ஆரம்பித்திருக்கிறது என்று உன் மாமியார் சொன்னார். அந்த அம்மா மடியிலேயே அதன் தலையைத் தாங்கி உட்கார வைத்து, அவர் முகமும் தெரிகிற மாதிரி, புதுசாக ஒரு போட்டோ எடு. போனில் அனுப்பாதே, அதை ஆணியில் மாட்ட முடியாது. காகிதத்தில் போட்டு, மடங்காமல் இருக்க அட்டை வைத்து, தபாலில் அனுப்பு.